"சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளது": ஒரு வரியால் நின்றுபோன உதவித்தொகையும், அமெரிக்காவை உலுக்கிய மேல்முறையீடுகளும்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. பொறுமையா இருக்கும்போது படிங்க.

"சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளது." ஒரு நாளைக்கு இந்த வரியை எத்தனை ஓ.பி. சீட்டில் எழுதறேன்னு கணக்கே கிடையாது. நான் அதில் சொல்ல வருவது இதுதான்: இப்போ கொடுக்கிற மருந்து வேலை செய்யுது, மாத்த வேண்டாம். இந்த மனுஷன் நாளையிலிருந்து மூட்டை தூக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஆனால் அப்படி அர்த்தம் எடுத்துக்கொள்ள ஒரு அரசு அலுவலகத்தால் முடியும். 1972-ல் அமெரிக்காவில் எடுத்துக்கொண்டார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்தவர் ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ். ஓயாத மனப்பதற்றம், முதுகுக் கோளாறு இரண்டுக்காகவும் 1968-ல் அவருக்கு அரசின் இயலாமை உதவித்தொகை கிடைத்தது. பிறகு சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. 1972 மார்ச்சில் ஒரு படிவம் வந்தது. உடம்பு இப்போ எப்படி இருக்கு, யாரிடம் வைத்தியம் பார்க்கிறீர்கள் என்று கேள்விகள். முன்னேற்றம் இல்லை என்று எழுதி, தன்னைப் பார்க்கும் மருத்துவர்களின் விவரத்தையும் கொடுத்தார். அலுவலகம் அவருடைய மருத்துவரிடம் ஒரு அறிக்கை வாங்கியது, மனநல ஆலோசகர் ஒருவரிடம் இன்னொன்று வாங்கியது. இரண்டையும் வைத்துக்கொண்டு கடிதம் போட்டது. உங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, முதுகு அசைவில் பெரிய தடை இல்லை, வேலை செய்ய முடியாத அளவுக்கு மனநலப் பிரச்சினையும் இப்போது இல்லை, ஆகவே உதவித்தொகை நிற்கும்.

எல்ட்ரிட்ஜ் பதில் எழுதினார். எனக்கு இருப்பது முதுகுப் பிடிப்பு இல்லை, முதுகெலும்பில் ஆர்த்ரைட்டிஸ். மற்றபடி தேவையான ஆதாரம் எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஜூலையோடு பணம் நின்றது.

இதில் கவனியுங்க, முடிவெடுத்த யாரும் அவரை நேரில் பார்க்கவில்லை. நேரில் போய்ப் பேசும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் அது பணம் நின்ற பிறகுதான், மேல்முறையீட்டில்தான். அந்த விசாரணை வரிசையில் காத்திருக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். எல்ட்ரிட்ஜ் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: முதல்ல என்னைக் கேளுங்க, அப்புறம் நிறுத்துங்க. இந்த ஒரு கேள்வி உச்சநீதிமன்றம் வரை போனது. இன்றைக்கும் அமெரிக்கச் சட்டக்கல்லூரி மாணவர் எவரும் அவர் பெயரைப் படிக்காமல் வெளியே வர முடியாது.

கொஞ்சம் பின்னாடி போகலாம். இந்த உதவித்தொகை தர்மம் கிடையாது. வேலை செய்யும் காலத்தில் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலிருந்து வருவது, காப்பீடு மாதிரி. 1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். அப்போது 50 வயது தாண்டியவர்களுக்கு மட்டும்தான். 1960-ல் அந்த வயது வரம்பு போனது. செனட்டில் இது 47-க்கு 45 என்று மயிரிழையில் தப்பித்த சட்டம். எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? நம்ம ஆளுங்கதான். அமெரிக்க மருத்துவச் சங்கம். அரசு மருத்துவத்துக்குள் நுழைய இது முதல் படி என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒருவரால் வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதை மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற வாதம். முதலாவதை விடுங்க, அது அரசியல். இரண்டாவதில் உண்மை இருந்தது என்பது என் எண்ணம்.

ஏன்னா அந்தச் சட்டம் கேட்கும் கேள்வி நம்ம ஊர்க் கேள்வி மாதிரி இல்லை. இங்கே மாற்றுத்திறனாளி சான்றிதழில் சதவீதம் போடுகிறோம். 40 சதவீதம் தாண்டினால் ஒரு கதவு திறக்கும். அங்கே சதவீதம் கிடையாது. குறைந்தது 12 மாதம் நீடிக்கும் (அல்லது உயிரையே எடுக்கும்) ஒரு நோயால், குறிப்பிடத்தக்க வருமானம் தரும் எந்த வேலையையும் செய்ய முடியாதவரா நீங்கள், என்பதுதான் கேள்வி. "எந்த வேலையையும்" என்ற சொல்லை 1967-ல் இன்னும் இறுக்கினார்கள். உங்களால் செய்யக்கூடிய வேலை நாட்டில் கணிசமான எண்ணிக்கையில் இருந்தால் போதும். உங்கள் ஊரில் அது காலியாக இருக்கா, யாராவது உங்களை எடுப்பாங்களா என்பதெல்லாம் கணக்கில் வராது.

இப்படி ஒரு கேள்விக்கு எக்ஸ்ரேயிலும் ரத்தப் பரிசோதனையிலும் பதில் இருக்காது. அந்த ஆளைப் பார்க்கணும். எத்தனை நேரம் உட்கார முடியுது, நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார், கேட்ட கேள்வியை மறுபடி கேட்கிறாரா. நம்ம ஓ.பி.யில் நோயாளி கதவைத் திறந்து உள்ளே வரும்போதே பாதி டயக்னோசிஸ் கிடைச்சுடும்னு பெரிய டாக்டர்கள் சொல்வாங்களே, அதேதான்.

ஆனால் நீதிமன்றம் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. 1971-ல் பெராலெஸ் என்ற டெக்சாஸ் லாரி ஓட்டுநரின் வழக்கு. முதுகில் அடி. அவருடைய சொந்த மருத்துவர் நேரில் வந்து இவரால் முடியாது என்றார். அரசு அனுப்பிய நிபுணர்கள் யாரும் வரவில்லை. அவர்களுடைய எழுத்து அறிக்கைகள் மட்டும் வந்தன. அவரைத் தொட்டே பார்க்காத ஒரு ஆலோசகர், அந்தக் காகிதங்களைப் படித்துவிட்டு சாட்சி சொன்னார். உச்சநீதிமன்றம் காகிதத்தின் பக்கம் நின்றது. மருத்துவ அறிக்கை என்பது வழக்கமான, நடுநிலையான ஆவணம், அதை நம்பலாம் என்பது தீர்ப்பின் சாரம். எழுதியவர் நீதிபதி பிளாக்மன். நீதிபதி ஆவதற்கு முன்னால் மேயோ கிளினிக்கின் வழக்கறிஞராக இருந்தவர். மருத்துவர்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்குப் பெருமைதான். கொஞ்சம் அதிகமோ என்றும் தோன்றுகிறது.

எல்ட்ரிட்ஜுக்குச் சாதகமாகவும் ஒரு தீர்ப்பு இருந்தது. 1970-ல், நியூயார்க்கில் வறியோர் உதவி பெறுபவர்களின் வழக்கில், பணத்தை நிறுத்தும் முன் நேரில் விசாரிக்க வேண்டும் என்று நீதிபதி பிரென்னன் எழுதியிருந்தார். கீழ் நீதிமன்றங்கள் அதை வைத்து எல்ட்ரிட்ஜை ஜெயிக்க வைத்தன.

1976 பிப்ரவரி 24. உச்சநீதிமன்றத்தில் அவர் தோற்றார். 6-க்கு 2.

நீதிபதி பவல் எழுதிய தீர்ப்பின் தர்க்கம் இப்படிப் போகும். வறியோர் உதவி என்பது கடைசிப் பிடி, இயலாமை உதவித்தொகை அப்படி இல்லை, அது நின்றாலும் மற்ற உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதோடு இது மருத்துவ விஷயம், மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் முடிவாகும் விஷயம், ஆளை நேரில் பார்ப்பதால் பெரிதாக எதுவும் கூடிவிடாது. எல்லாருக்கும் முன்கூட்டியே விசாரணை வைத்தால் அரசுக்கு ஆகும் செலவையும் பார்க்கணும்.

பிரென்னனின் மாற்றுத் தீர்ப்பு ரொம்பச் சின்னது. அதில் ஒரு விவரம் சொல்கிறார். பணம் நின்றதால் எல்ட்ரிட்ஜின் வீடு கடனுக்குப் போனது. தவணையில் வாங்கிய மேஜை நாற்காலி கட்டில்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் படுக்கிற நிலை. நேரில் பார்ப்பதால் என்ன கூடிவிடும் என்று கேட்ட தீர்ப்பின் கீழேயே இது இருக்கு.

அதே தீர்ப்பில் இரண்டு எண்கள் வருகின்றன. அரசு சொன்னது: மொத்த முடிவுகளில் மேல்முறையீட்டில் மாறியவை வெறும் 3.3 சதவீதம். எல்ட்ரிட்ஜ் தரப்பு சொன்னது: விசாரணை வரை போனவர்களில் 58.6 சதவீதம் பேருக்கு முடிவு மாறியது. இரண்டுமே உண்மை! பெரும்பாலானோர் கடிதம் வந்ததும் மனசு விட்டுப்போய் மேல்முறையீடே செய்யவில்லை. அதனால்தான் முதல் எண் அவ்வளவு சிறியது. விசாரணையில் புது ஆதாரமும் சேர்க்கலாம், அதனால் மாறிய ஒவ்வொரு முடிவும் முதலில் தப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். நியாயமான பேச்சுதான். ஆனால் புது ஆதாரம் வந்ததே, ஆளைக் கூப்பிட்டுக் கேட்டதால்தானே?

அடுத்த பகுதிதான் நான் சொல்ல வந்ததில் ரொம்ப முக்கியமானது.

1970-ல் உதவி பெற்ற தொழிலாளர்கள் சுமார் 15 லட்சம் பேர். 1978-ல் 28 லட்சத்தைத் தாண்டியது. பட்டியலில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் வரை தகுதியில்லாதவராக இருக்கலாம் என்று அரசுத் தரப்பில் மதிப்பீடு வந்தது. 1980-ல் கார்ட்டர் காலத்தில், நிரந்தரமல்லாத இயலாமை உள்ள எல்லாரையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யச் சட்டம் போட்டார்கள். 1982 ஜனவரியில் தொடங்கணும். ரீகன் அரசு வந்தது. 1981 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்த மூன்று வருஷத்தில் சுமார் 12 லட்சம் கோப்புகள் மறுஆய்வு. ஏறக்குறைய 5 லட்சம் பேருக்கு "நீங்கள் இனி இயலாதவர் இல்லை" என்று முடிவு. முன்பைவிடத் தேறியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டிய கட்டாயமே அப்போது இல்லை. நேற்று வந்த புது விண்ணப்பம் மாதிரி பழைய நோயாளியை எடைபோட்டார்கள். எல்ட்ரிட்ஜ் வழக்கு தோற்றிருந்ததால், முதலில் பணம் நின்றது, அப்புறம்தான் பேச்சு.

மனநோயாளிகள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள். யோசிச்சுப் பாருங்க. மனச்சிதைவு உள்ள ஒருவருக்குத் தபாலில் ஒரு படிவம் வருது. அதைப் பிரிக்கவே பயப்படுவார். பிரிச்சாலும், உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா என்ற கேள்விக்கு, "எனக்கு ஒண்ணுமில்லை, நல்லா இருக்கேன்" என்று எழுதுவார். நோயின் தன்மையே அதுதான்.

இந்த அலையில் மாட்டியவர்களில் ஒருவர் ராய் பெனாவிடெஸ். டெக்சாஸ்காரர், ராணுவத்தில் சார்ஜென்ட். 1968 மே 2-ஆம் தேதி வியட்நாம் போரில், சுற்றி வளைக்கப்பட்ட தன் ஆட்களைக் காப்பாற்ற ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். ஆறு மணி நேரச் சண்டை. குண்டு, துப்பாக்கி முனைக் கத்தி, சிதறல் துண்டு என்று 37 காயங்கள். திரும்பிக் கொண்டுவந்தபோது செத்துவிட்டார் என்று பிணப்பைக்குள் வைத்துவிட்டார்கள். மருத்துவர் பையை மூடப் போகிறார். பேச முடியலை, கை அசையலை. மருத்துவர் முகத்தில் துப்பி, தான் உயிரோடு இருப்பதைக் காட்டியதாக அவரே பின்னாளில் சொல்வார். (இதைப் படிக்கும் ஹவுஸ் சர்ஜன்களே, மரணத்தை உறுதி செய்யும்போது அவசரப்படாதீங்க.)

1981 பிப்ரவரி 24-ஆம் தேதி, எல்ட்ரிட்ஜ் தீர்ப்பு வந்து சரியாக ஐந்து வருஷம் கழித்து, நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தை அவருக்கு ரீகனே தன் கையால் அணிவித்தார். 1983-ல் அவருடைய இயலாமை உதவித்தொகை நிறுத்தப்படுவதாகக் கடிதம் வந்தது. வேலை செய்ய முடியுமாம். இதயத்தின் பக்கத்தில் சிதறல் துண்டுகளோடு வாழ்ந்துகொண்டிருந்த மனிதர்.

அவர் மேல்முறையீடு செய்தார். நாடாளுமன்றக் குழு முன்னாலும் போய்ப் பேசினார். பத்திரிகைகளில் பெரிய செய்தி. அவருடைய உதவித்தொகை திரும்பக் கிடைத்தது. பதக்கம் இல்லாத லட்சக்கணக்கானவர்களும் மேல்முறையீட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மேல்முறையீட்டில் உதவித்தொகை திரும்பியது.

அந்த வரிசையைக் குறைக்கவும் முயற்சி நடந்தது. அதிகம் பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லும் விசாரணை நீதிபதிகளைக் குறிவைத்து அவர்களுடைய தீர்ப்புகளைத் துருவினார்கள். அந்த நீதிபதிகளின் சங்கமே அரசு மீது வழக்குப் போட்டது. முன்னேற்றம் இருப்பதற்கு ஆதாரம் காட்டு என்று மேல் நீதிமன்றங்கள் சொன்னபோது, அந்த ஒரு வழக்குக்கு மட்டும் கட்டுப்படுகிறோம், மற்றவர்களுக்குப் பொருந்தாது என்று நிர்வாகம் பதில் சொன்னது. ஒரே ஊரில், ஒரே நோயோடு, வழக்குப் போட்டவனுக்குப் பணம், போடாதவனுக்கு இல்லை. நியூயார்க் உட்படப் பல மாநிலங்கள், இந்த மறுஆய்வை இனி நாங்கள் செய்ய மாட்டோம் என்று வேலையை நிறுத்தின.

நாடாளுமன்றம் இரண்டு முறை தலையிட்டது. 1983 ஜனவரியில், விசாரணை முடியும்வரை பணம் தொடர்ந்து வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள், தற்காலிகமாக. பிறகு அதை நீட்டித்து நிரந்தரமாக்கினார்கள். எல்ட்ரிட்ஜ் நீதிமன்றத்தில் கேட்டுக் கிடைக்காதது ஏழு வருஷம் கழித்துச் சட்டமாக வந்தது. 1984-ல் முழுச் சீர்திருத்தம். நோயில் மருத்துவ ரீதியான முன்னேற்றம் இருக்கிறது என்று காட்டாமல், பொதுவாக யாருக்கும் நிறுத்தக் கூடாது. கீழவையில் 402-0, செனட்டில் 99-0. ஒரு எதிர் ஓட்டு கூட இல்லை! அக்டோபரில் ரீகன் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு வழக்கையும் சொல்லிடறேன். சில வருஷங்களாக நிர்வாகத்துக்குள் எழுதப்படாத ஒரு விதி ஓடிக்கொண்டிருந்தது. மனநோயாளி ஒருவர் பட்டியலில் உள்ள கடுமையான நிலைக்குப் பொருந்தவில்லை என்றால், அவரால் ஏதோ ஒரு சாதாரண வேலை செய்ய முடியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், தனியாக விசாரிக்க வேண்டாம். இது வெளியில் யாருக்கும் தெரியாது. நியூயார்க் நகர நிர்வாகமே வழக்குப் போட்டு இதை வெளியே கொண்டுவந்தது. ஆனால் பலருக்கு மேல்முறையீட்டுக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. 1986-ல் உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: மறைத்து வைத்த விதியால் ஏமாந்தவர்களுக்குக் கெடுவைக் காட்டிக் கதவைச் சாத்தக் கூடாது, எல்லாருடைய கோப்பையும் திற. அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார்? அதே பவல். பத்து வருஷத்துக்கு முன்னால் எல்ட்ரிட்ஜுக்கு எதிராக எழுதியவர்.

இப்போ எப்படி இருக்கு? இன்றைக்கும் முதல் விண்ணப்பங்களில் பாதிக்கும் மேல் நிராகரிக்கப்படுகின்றன. அதற்கு மேல் நான்கு படி: மறுபரிசீலனை, நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை, மேல்முறையீட்டுக் குழு, கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். ஒவ்வொரு படிக்கும் நோட்டீஸ் கிடைத்து 60 நாள் கெடு. மறுபரிசீலனை என்பது இன்னொரு ஆள் அதே காகிதங்களைப் படிப்பது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவது படியில்தான் முதல்முறையாக ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்துப் பேசுகிறார். முடிவுகள் அதிகம் மாறுவதும் அங்கேதான்.

அந்த விசாரணையில் தொழில் நிபுணர் ஒருவர் இருப்பார். இவர் உட்கார்ந்துகொண்டு கொட்டை பிரிக்கலாம், மர ஆணிகளைச் சரிபார்க்கலாம் என்று வேலைகளைச் சொல்வார். அவர் கையில் இருக்கும் தொழில் அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-ல். நாட்டில் இப்போது அரிதாகிவிட்ட 100-க்கும் மேற்பட்ட தொழில்களைக் காட்டி யாரையும் நிராகரிக்கக் கூடாது என்று 2024-ல்தான் அறிவித்தார்கள். 33 வருஷம்!

அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்கள் சிலர் இதைப் படிப்பீங்க, அதனால் மருத்துவராக ஒரு விஷயம். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் கருத்துக்குத் தனி எடை உண்டு என்ற விதி அங்கே முன்பு இருந்தது. 2017 மார்ச் 27-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்கு அது கிடையாது. எங்க டாக்டர் முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டார் என்றால் மட்டும் போதாது. ஏன் முடியாது என்பதற்குக் காரணமும், கோப்பில் உள்ள மற்ற ஆவணங்களோடு பொருத்தமும் பார்ப்பார்கள்.

"ஸ்டேபிள்", "கட்டுப்பாட்டில்" என்ற சொற்கள் எங்க கேஸ் ஷீட்டில் இருக்கத்தான் செய்யும், அது எங்க தொழில் மொழி. அதனால் தனியாக ஒரு கடிதம் கேளுங்க. ஒரே இடத்தில் எத்தனை நிமிஷம் உட்கார முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், எத்தனை தடவை படுத்து எழுந்திருக்கணும், மாதத்தில் எத்தனை நாள் எழுந்திருக்கவே முடியாமல் போகுது, மருந்தால் எத்தனை மணி நேரம் தூக்கம் தள்ளுது. இதெல்லாம் அதில் எண்ணாக வரணும். கொடுத்துவந்த உதவியை நிறுத்துவதாக வந்த நோட்டீஸ் என்றால் 60 நாள் இருக்கேன்னு இருந்துடாதீங்க. பணம் தொடர்ந்து வரணும்னா கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் கேட்கணும். கடைசியில் தோற்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பெரும்பாலும் வக்கீல்கள் ஜெயித்தால்தான் பணம் வாங்குவார்கள், நிலுவைத்தொகையில் 25 சதவீதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு.

கடிதத்தைத் தபாலில் போடும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்க. அனுப்பிய ரசீதையும் அதோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்க.